உங்களுக்குத் தெரியுமா? தூரிகை கைவிட்டது... டைப்ரைட்டர் கைகொடுத்தது!

லக்கி லூக்கைத் தெரியும். அவருடைய குதிரை ஜாலி ஜம்பரைத் தெரியும். ஆஸ்டெரிக்ஸைத் தெரியும். 'மதியில்லா மந்திரி'யைப் படித்து வயிறு குலுங்கியிருப்பீர்கள். இத்தனை பேர் வாயிலும் வசனத்தை வைத்தது ஒரே ஆள் என்பது தெரியுமா? பெயர் ரெனே கோசினி. உலகம் முழுக்க விற்ற அவருடைய புத்தகங்கள் 50 கோடி!

பிறந்தது பாரிஸில். தேதி 1926 ஆகஸ்ட் 14. ஆனால் அவர் பாரிஸ் பையனாக வளரவே இல்லை. சரியாகப் பேச்சு வருவதற்குள் கப்பலேற்றிவிட்டார்கள். வளர்ந்தது, படித்தது எல்லாம் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில்!

அப்பா போலந்துக்காரர். அம்மாவின் சொந்த ஊர் இன்றைய உக்ரைனில். ஆஸ்டெரிக்ஸை வரைந்த ஓவியர் ஆல்பர் உடெர்ஸோவின் பெற்றோரோ இத்தாலியர்கள். பிரெஞ்சுக்காரர்கள் "எங்க முப்பாட்டன் கதை" என்று தலையில் வைத்துக் கொண்டாடும் ஆஸ்டெரிக்ஸை உருவாக்கியவர்கள் குடியேறிய இரண்டு குடும்பங்களின் பிள்ளைகள். அதிலும் ஒருவர் ஆஸ்டெரிக்ஸின் பரம எதிரியான ரோமானியர் பக்கத்து ஆள்!

இன்னொன்று கேளுங்கள். இதைக் கண்டுபிடித்தபோது நானே எழுந்து நின்றுவிட்டேன். போலிஷ் மொழியில் 'கோசினி' என்ற சொல்லுக்கு விருந்தோம்பல் மிக்கவர் என்று அர்த்தம். ஆஸ்டெரிக்ஸ் கதைகள் எதில் முடியும்? விருந்தில்!

அம்மாவின் அப்பா பாரிஸில் அச்சகம் வைத்திருந்தவர். இத்திஷ், ரஷ்ய மொழிப் பத்திரிகைகள் அங்கே அச்சாயின. பேரனின் இரத்தத்தில் மசி ஓடியது சும்மா இல்லை!

அந்த அச்சகக் குடும்பத்தின் மேல் போர் விழுந்தது. நாஜிகள் காலத்து முகாம்களில் கோசினியின் தாய்மாமன்கள் மூன்று பேர் மாண்டார்கள். கடல் கடந்து போயிருந்ததால் தப்பிய பிள்ளை இவர்.

பள்ளியில் எப்படி? வகுப்பையே சிரிக்கவைக்கும் குறும்பன். ஆனால் மதிப்பெண்ணில் கை வைக்க முடியாது. கடைசி பெஞ்சு வாய், முதல் பெஞ்சு மூளை!

1943 டிசம்பர். அப்பா திடீரென்று மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். ரெனேவுக்கு வயது 17. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். குடும்பத்துக்கு வேலை வேண்டும். என்ன வேலை கிடைத்தது தெரியுமா? பழைய டயர்களைப் புதுப்பிக்கும் ஆலையில் உதவிக் கணக்காளர்! அடுத்த ஆண்டே அதுவும் போச்சு!

1945. அம்மாவோடு நியூயார்க் பயணம். மனசு நிறைய வால்ட் டிஸ்னி கனவு. டிஸ்னி அழைக்கவில்லை. அழைப்பு வரும்போல இருந்தது அமெரிக்க ராணுவத்திலிருந்துதான்!

அதிலிருந்து எப்படித் தப்பினார்? ராணுவத்தில் சேர்ந்துதான்! ஆம், 1946-ல் பிரான்சுக்குப் போய் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். அங்கே துப்பாக்கியைவிட அவர் அதிகம் தூக்கியது பென்சிலை. படைப்பிரிவின் ஆஸ்தான ஓவியரே அவர்தான்!

சேவை முடிந்து நியூயார்க் திரும்பினால் வேலை இல்லை. கையில் காசு இல்லை. தெரிந்தவர் என்று சொல்ல ஆளும் இல்லை. ஒரு வருடம் போல அப்படியே போனது. பிறகு ஒரு சின்ன ஸ்டூடியோவில் இடம் கிடைத்தது. பக்கத்து மேசைகளில் யார் தெரியுமா? ஹார்வி கர்ட்ஸ்மேன், வில் எல்டர், ஜான் செவரின். நாலு வருடம் கழித்து, 1952-ல், அமெரிக்காவையே கிண்டலடித்த 'மேட்' பத்திரிகையைத் தொடங்கிய கூட்டம் அது!

அதாவது, அமெரிக்க நையாண்டியின் தலைநகரமும் ஐரோப்பிய நையாண்டியின் தலைநகரமும் ஒரே அறையில் டீ குடித்திருக்கின்றன. அப்போது இரண்டுக்கும் வாடகை கொடுக்கப் பணமில்லை என்பதுதான் வேடிக்கை!

அதே ஊரில் இன்னொரு அதிர்ஷ்டமும் காத்திருந்தது. அமெரிக்காவைப் பார்க்க வந்திருந்த பெல்ஜிய ஓவியர்கள் இரண்டு பேர் பழக்கமானார்கள். ஒருவர் ஜிஜே. இன்னொருவர் மோரிஸ். மோரிஸின் பையில் 1946-லேயே பிறந்த ஒரு கௌபாய் இருந்தான். அவன்தான் லக்கி லூக்! பிரெஞ்சு பேசும் கௌபாய்க்கு எழுத்தாளர் கிடைத்தது நியூயார்க்கில்!

கோசினி அதுவரை தன்னை ஓவியர் என்றே நம்பிக்கொண்டிருந்தார். 'டிக் டிக்ஸ்' என்ற துப்பறியும் படக்கதையை அவரே வரைந்தார். நகைச்சுவை இருந்தது. கோடு மட்டும் ஒத்துழைக்கவில்லை. மெல்ல மெல்லப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு டைப்ரைட்டர் பக்கம் நகர்ந்தார். காமிக்ஸ் உலகத்துக்குக் கிடைத்த ஆகப் பெரிய ராஜினாமா இதுதான் என்பேன்!

1951. உடெர்ஸோவைச் சந்தித்தார். ஒருவருக்கு வயது 25, இன்னொருவருக்கு 24. பிரிந்தது? 1977-ல். மரணம் பிரித்தது!

உடெர்ஸோ பற்றி இரண்டே வரி சொல்ல அனுமதியுங்கள், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவர் பிறந்தபோது கைகளில் மொத்தம் 12 விரல்கள்! கூடுதல் விரல்களை அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள். அதுமட்டுமா? அவருக்கு நிறக்குருடு!

இருவரும் சேர்ந்து பெண்கள் பத்திரிகை ஒன்றில் என்ன செய்தார்கள் தெரியுமா? சபை நாகரிகம் சொல்லிக்கொடுத்தார்கள்! யாரை எப்படி வரவேற்க வேண்டும், எங்கே எப்படி நடக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக. காட்டுப்பன்றியை முழுசாக விழுங்கும், ஆஸ்டெரிக்ஸின் தோழன் ஒபெலிக்ஸின் அப்பன்மார் இவர்கள்!

அந்தக் காலத்தில் படக்கதை எழுதுகிறவனுக்கு மரியாதை கிடையாது. பெயர் போட மாட்டார்கள். உரிமை கேட்டால் முறைப்பார்கள். 1956-ல் கோசினியும் நண்பர்களும் சேர்ந்து படைப்பாளிகளின் உரிமைக்காக ஒரு சாசனம் தயாரித்தார்கள். பலன்? கோசினிக்குச் சீட்டு கிழிந்தது! உடனே உடெர்ஸோவும் ழான்-மிஷெல் ஷார்லியேவும் "அவன் இல்லாத இடத்தில் நாங்களும் இல்லை" என்று வெளியேறிவிட்டார்கள்!

வேலை போன மூன்று பேரும் சும்மா இருந்தார்களா? சொந்தமாக நிறுவனம் தொடங்கினார்கள். மூன்றே வருடத்தில் அவர்கள் கையில் ஒரு வாரப் பத்திரிகை. பெயர் 'பிலோட்'. முதல் இதழ் 1959 அக்டோபர் 29. அச்சடித்தது 3 லட்சம் பிரதிகள்!

அந்த முதல் இதழுக்கு ஒரு 'சுத்த பிரெஞ்சு' நாயகன் தேவைப்பட்டான். முதலில் எடுத்தது ஒரு நரிக் கதை. இடைக்காலத்துப் புகழ்பெற்ற ரெனார் நரி. சில பக்கங்கள் வரைந்தும் ஆயிற்று. அப்போது ஒரு நண்பர் மெதுவாகச் சொன்னார்: இதை ஏற்கெனவே வேறொருவர் செய்துவிட்டாரே! நரி போச்சு!

கெடு இன்னும் இரண்டு மாதம். பாரிஸை ஒட்டிய பொபினியில், உடெர்ஸோவின் சின்ன அடுக்குமாடி வீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். கோடைக்காலம். கையில் குடிக்கப் பானம், வாயில் புகை. பிரான்சின் வரலாற்றைக் கற்காலத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தார்கள். ரோமானியர் 'கோல்' என்று அழைத்த நாட்டு மக்கள் வந்ததும் இருவரும் நிறுத்தினார்கள். ஆஸ்டெரிக்ஸ் பிறந்தான். எவ்வளவு நேரம் பிடித்தது என்கிறீர்கள்? அவர்களே சொன்ன கணக்குப்படி கால் மணி நேரம்!

பெயர் எங்கிருந்து வந்தது? அச்சில் அடிக்குறிப்புக்குப் போடும் நட்சத்திரக் குறிக்குப் பிரெஞ்சில் 'ஆஸ்டெரிஸ்க்'. அதிலிருந்து ஆஸ்டெரிக்ஸ். அச்சகக்காரர் பேரன் வேறு எங்கே தேடுவார்!

உடெர்ஸோ வரைய நினைத்தது ஆறடி ஆஜானுபாகுவை. கோசினி கேட்டது குள்ளமான, மூக்குப் பெருத்த, அழகில்லாத ஒரு ஆளை. வென்றது கோசினி. ஆனால் உடெர்ஸோ விடுவாரா? பக்கத்திலேயே ஒரு மலையையும் வரைந்துவிட்டார். அந்த மலைதான் ஒபெலிக்ஸ்! கதாசிரியர் கேட்காமலே வந்த ஆள் இன்றைக்குக் கதாநாயகனைவிடப் பெரிய நட்சத்திரம்!

அந்தக் கிராமம் எங்கே இருக்க வேண்டும்? கோசினி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: கடலோரமாக இருக்கட்டும், கப்பல் பயணத்துக்கு வசதி. மற்றதெல்லாம் உடெர்ஸோ இஷ்டம். போர்க்காலத்தில் தான் தங்கியிருந்த பிரிட்டனி கடற்கரையை அவர் தேர்ந்தெடுத்தார். கடல் வந்ததும் கடற்கொள்ளையரும் வந்தார்கள். பாவம், அவர்கள் தலைகாட்டும் கதைகளில் பெரும்பாலும் கப்பல் மூழ்கும்!

அந்தக் கொள்ளையர்கள் யார் தெரியுமா? 'பிலோட்'டில் அடுத்த பக்கத்தில் வந்துகொண்டிருந்த 'செந்தாடி' என்ற சீரியஸான கடற்கொள்ளைத் தொடரின் கேலிப் பிரதிகள்! அதை எழுதியவர்? கூடவே வேலையை விட்டு வந்த அதே ஷார்லியே! நண்பனின் கப்பலைத் திரும்பத் திரும்ப மூழ்கடித்த பெருமை கோசினிக்கே!

ஷார்லியே என்றதும் காது விடைக்கிறதா? விடைக்க வேண்டும். தமிழில் நாம் 'கேப்டன் டைகர்' என்று கொண்டாடும் மூக்குடைந்த லெப்டினன்ட், 1963-ல் 'பிலோட்'டில்தான் குதிரையேறினார். எழுதியவர் ஷார்லியே. அப்போது ஆசிரியர் நாற்காலியில் அவரோடு அமர்ந்திருந்தவர் கோசினி!

முதல் ஆஸ்டெரிக்ஸ் புத்தகம் 1961-ல் வந்தது. அச்சிட்டது எத்தனை? வெறும் 6,000! அடுத்தது 20,000. ஒன்பதாவது புத்தகம் நார்மன்கள் பற்றியது. அது இரண்டே நாளில் 12 லட்சம்!

நடுவில் 'பிலோட்' பணமில்லாமல் திணறியது. 1960-ல் கைமாறியது. விலை? ஒரே ஒரு பிராங்க்! வாங்கியவர் பதிப்பாளர் தார்கோ. காமிக்ஸ் சரித்திரத்தில் இதைவிட மலிவான பேரம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்!

ஒபெலிக்ஸின் குட்டி நாய் இடெஃபிக்ஸ் இருக்கிறதே, ஆங்கிலத்தில் டாக்மேடிக்ஸ், அது திட்டமிட்டு வந்ததே இல்லை. ஒரு கறிக்கடை வாசலில் சும்மா ஒரு நாய் நின்றது. ஆஸ்டெரிக்ஸும் ஒபெலிக்ஸும் நாடு முழுக்கச் சுற்றும்போது அது பின்னாலேயே ஓடியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. வாசகர்கள் கவனித்துவிட்டார்கள்! பெயர் வைக்கப் போட்டி நடத்தினார்கள். வென்ற பெயரை ஒரே நேரத்தில் எழுதி அனுப்பியவர்கள் ஒருவர் அல்ல, பல பேர்!

குடித்தால் அசுர பலம் தரும் மந்திரக் கஷாயம் ஒபெலிக்ஸுக்குக் கிடையாது என்பது சட்டம். குழந்தையிலேயே அந்தக் கஷாய அண்டாவுக்குள் விழுந்தவன் ஆயிற்றே! ஆனால் ஒரு தடவை சட்டம் மீறப்பட்டது. கிளியோபாட்ரா கதையில், பிரமிடுக்குள்ளே மாட்டிக்கொண்டபோது. அளவு? சில சொட்டு!

இங்கிலாந்தில் முதன்முதலில் ஆஸ்டெரிக்ஸ் எந்தப் பெயரில் வந்தான் தெரியுமா? 'லிட்டில் ஃபிரெட்'! ஒபெலிக்ஸ் 'பிக் எட்'! 1963-ல் 'வேலியன்ட்' என்ற பத்திரிகையில் இருவரையும் ஆங்கிலேயர்களாகவே மாற்றிவிட்டார்கள்!

அது பரவாயில்லை. ஜெர்மனியில் நடந்த கூத்தைக் கேளுங்கள். 1965-ல் ஒரு பதிப்பாளர் ஆஸ்டெரிக்ஸை 'சிகி' என்றும் ஒபெலிக்ஸை 'பபாராஸ்' என்றும் பெயர் மாற்றி, இருவரையும் ஜெர்மானிய வீரர்களாக்கினார். கிராமத்துக்குப் பெயர் 'பான்ஹல்லா'. அன்றைய மேற்கு ஜெர்மனியின் தலைநகரம் பான் அல்லவா! ரோமானியர்களோ அமெரிக்கர்களின் சாயல். ஒபெலிக்ஸ் முதுகில் சுமக்கும் கல் எதுவாக மாறியது தெரியுமா? போர்க் குற்ற உணர்வாக! முகாம்களில் மாமன்களைப் பறிகொடுத்த கோசினிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள்!

இனி மேற்கே போவோம். லக்கி லூக்குக்குக் கோசினி எழுதிய முதல் கதை 1955-ல் வந்தது. கதைக்களம் ரயில் பாதை போடுவது. கடைசிக் கதை 1977-ல். கதைக்களம் தந்திக் கம்பி இழுப்பது. இடையில் 22 வருடம்! ரயிலில் ஏறியவர் தந்தியில் இறங்கியிருக்கிறார்!

டால்டன் சகோதரர்கள் நிஜமான கொள்ளையர்கள். அவர்களை மோரிஸ் ஒரு கதையில் அவசரப்பட்டுக் கொன்றுவிட்டார்! இவ்வளவு நல்ல வில்லன்களை இழக்கலாமா? கோசினி யோசித்தார். செத்தவர்களை எழுப்ப முடியாது. அவர்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருக்கலாமே! வந்தார்கள் ஜோ, வில்லியம், ஜாக், ஆவ்ரெல். உயரத்தில் படிக்கட்டு மாதிரி. அறிவில் அதே படிக்கட்டு தலைகீழாக! அசலை நகல் விழுங்கிவிட்டது!

லக்கி லூக் கதைகளில் வரும் ரின் டின் கேன் என்ற சிறைச்சாலை நாய்? அமெரிக்க சினிமாவின் புத்திசாலி நாய் ரின் டின் டின்னைக் கேலி செய்யப் பிறந்தது. உலகிலேயே மோப்ப சக்தி இல்லாத மோப்ப நாய்! குதிரை ஜாலி ஜம்பருக்கு இருக்கிற மூளையில் பத்தில் ஒன்று இதற்கு இருந்திருந்தால் பாதிக் கதைகள் இரண்டாம் பக்கத்திலேயே முடிந்திருக்கும்!

'மதியில்லா மந்திரி' வந்த வழி இன்னும் வேடிக்கை. கோசினி எழுதிய 'குட்டி நிக்கோலா' கதை ஒன்றில், கோடை முகாமில் பையன்களுக்கு ஒருவர் கதை சொல்வார். அதில் போகிறபோக்கில் ஒரு கெட்ட மந்திரி வருவான். அந்த ஒரு வரி மந்திரியைப் பிடித்து 1962-ல் தனித் தொடராக்கிவிட்டார். ஓவியர் ழான் தபாரி. பிரெஞ்சில் மந்திரி பெயர் இஸ்னோகுட். ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: 'இஸ் நோ குட்'!

அந்த மந்திரிக்கு ஒரே லட்சியம்: காலிஃபைத் தூக்கிவிட்டுத் தானே காலிஃப் ஆவது. பிரான்சில் இன்றைக்கும் தலைவர் நாற்காலிக்கு அடிபோடும் அரசியல்வாதியை இந்த மந்திரியின் வசனத்தைச் சொல்லித்தான் கிண்டலடிக்கிறார்கள். நம்மூரிலும் அந்த வசனத்துக்குத் தேவை ஏராளம், வேண்டாம், அரசியல் எதற்கு!

சரி, யார் அந்தக் குட்டி நிக்கோலா? பள்ளிக்கூடப் பையன். படம் போட்டவர் செம்பே. பெயரை எங்கே பிடித்தார்? பேருந்து ஒன்றில் ஒட்டியிருந்த ஒயின் கடை விளம்பரத்தில்! நிக்கோலா என்பது மதுக்கடையின் பெயர்!

நிக்கோலா கதைகள் மொத்தம் 222. கோசினி இறந்து 27 வருடம் கழித்து, 2004-ல், புத்தகமாகாமல் கிடந்த 80 கதைகளை அவர் மகள் வெளியிட்டார். பிரான்சே பைத்தியம் பிடித்த மாதிரி வாங்கியது! 2012-ல் நிக்கோலா லத்தீனும் பேசிவிட்டான்!

எல்லாம் வெற்றியா? இல்லவே இல்லை. 'உம்பாபா' என்ற செவ்விந்திய வீரன் தொடரை உடெர்ஸோவோடு சேர்ந்து 1951-லேயே உருவாக்கினார். ஏழு வருடம் யாரும் சீந்தவில்லை. 1958-ல் 'டின்டின்' பத்திரிகையில் ஒருவழியாக வந்தது. வாசகர் வாக்கெடுப்பில் அதற்குக் கிடைத்த இடம் 11! இருவரும் மூட்டை கட்டிவிட்டார்கள். நான் படித்திருக்கிறேன், அபாரமான தொடர். அந்த வாசகர்களை என்ன சொல்ல!

அவர் எழுதும் முறை எப்படி? டைப்ரைட்டர் தாளில் இரண்டு பத்தி. இடது பக்கம் படத்தில் என்ன தெரிய வேண்டும் என்ற விவரம். வலது பக்கம் வசனம். யார் எங்கே நிற்கிறார், முகம் எப்படி இருக்கிறது என்பதுவரை இருக்கும். ஓவியர் படித்துவிட்டுச் சிரிக்காவிட்டால் கதை தேறாது!

மொத்தத்தில் அவர் எத்தனை ஓவியர்களுக்கு எழுதினார்? உடெர்ஸோ, மோரிஸ், செம்பே, தபாரி, கோட்லிப், பிராங்கின், அத்தனாசியோ, பெர்க்... மூச்சு வாங்குகிறது! ஒருவர் ரோமாபுரியில், ஒருவர் டெக்சாஸில், ஒருவர் பாக்தாதில், ஒருவர் வகுப்பறையில். ஒன்றின் வாடை இன்னொன்றில் அடிக்காது!

கோட்லிப்போடு செய்த தொடருக்கு ஒரு கட்டத்தில் நேரம் போதவில்லை. என்ன செய்தார்? "இனி நீயே எழுது" என்று மொத்தத்தையும் கோட்லிப்பிடமே விட்டுவிட்டார். அந்த கோட்லிப் பிரெஞ்சு நகைச்சுவையின் இன்னொரு சிகரமானார்!

'பிலோட்'டில் அவர் கதவைத் திறந்துவிட்ட ஆட்களின் பட்டியலைப் பாருங்கள். கபூ, ரெசேர், கிளேர் பிரெதெஷே, ழான் ஜிரோ, 'வலேரியன்' தொடரின் மெசியேர். பள்ளிப் பிள்ளைகள் பத்திரிகை என்று தொடங்கியது, பெரியவர்கள் ஒளித்துவைத்துப் படிக்கும் பத்திரிகையாகிவிட்டது!

அதற்கு அவர் பெற்ற பரிசு? 1968 மே. பாரிஸ் தெருக்களில் மாணவர் புரட்சி. அதே சூட்டில், இவர் வளர்த்த இளம் ஓவியர்களே ஓர் உணவு விடுதிக்கு இவரை வரவழைத்து 'முதலாளி' என்று கூண்டில் ஏற்றாத குறையாக விசாரித்தார்கள். 12 வருடம் முன்பு படைப்பாளியின் உரிமை கேட்டு வேலை இழந்த மனிதரை! காயம் கடைசிவரை ஆறவில்லை. 1974-ல் ஆசிரியர் நாற்காலியை விட்டார்.

அதே 1968 மே மாதத்தில்தான் அவருக்கு ஒரே மகள் ஆன் பிறந்தார். தேதி 19. ஊர் முழுக்கப் புரட்சி, வீட்டில் தொட்டில்!

1976. சொந்த அனிமேஷன் ஸ்டூடியோவிலிருந்து 'ஆஸ்டெரிக்ஸின் 12 சாகசங்கள்' படம். அதில் ஒரு காட்சி. ஓர் அரசு அலுவலகம். ஏ-38 என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஜன்னல் ஜன்னலாக, மாடி மாடியாக அலையவிடுகிறார்கள். சிங்கத்தை அடிக்கிறவனுக்கே பைத்தியம் பிடிக்கும் நிலை! ஜெர்மனியில் இன்றுவரை ஆபீஸ் அலைச்சலுக்கு 'ஏ-38' என்றே பேர். பட்டா மாறுதலுக்கு அலைந்த எவருக்கும் இந்தக் காட்சிக்கு வசன விளக்கம் தேவைப்படாது!

இப்போது கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1972-ல் நண்பர் பியேர் செர்னியாவோடு சேர்ந்து கோசினி எழுதிய ஒரு சினிமா வந்தது. பெயர் 'லெ வியாஜே'. கதை என்ன? ஒரு டாக்டர் தன் நோயாளியைப் பரிசோதித்துவிட்டு, இவர் சீக்கிரம் செத்துவிடுவார் என்று முடிவுகட்டுகிறார். அந்த நம்பிக்கையில் டாக்டரின் சொந்தக்காரர்கள், ஆள் சாகிறவரை மாதாமாதம் பணம் தருவதாகப் பேசி அவர் வீட்டை எழுதி வாங்குகிறார்கள். நோயாளி சாகவே மாட்டேன் என்கிறார். பணம் கட்டுகிறவர்கள்தான் ஒவ்வொருவராகப் போகிறார்கள். அவர் வாழ்வது 100 வயதுவரை!

ஐந்து வருடம் கழித்து, 1977 நவம்பர் 5. கோசினி இதயப் பரிசோதனைக்காகப் பாரிஸில் ஒரு மருத்துவமனைக்குப் போனார். உடலுக்கு வேலை கொடுத்து இதயத்தின் வலுவைப் பார்க்கும் வழக்கமான சோதனை. சோதனையின் நடுவிலேயே இதயம் நின்றது. டாக்டர் முன்னாலேயே. வயது 51.

அப்போது உடெர்ஸோவின் மேசையில் 'ஆஸ்டெரிக்ஸ் பெல்ஜியத்தில்' பாதி வரைந்து கிடந்தது. வசனம் முழுக்கக் கோசினி எழுதி முடித்திருந்தார். உங்களிடம் அந்தப் புத்தகம் இருந்தால் இப்போதே எடுங்கள். பின்பாதியில் ஓரிடத்தில் வானம் திடீரென்று இருண்டு மழை பிடிக்கும். கதையில் அதற்குக் காரணமே கிடையாது. செய்தி வந்த பிறகு உடெர்ஸோ வரைந்த பக்கங்கள் அவை. 

அந்தப் புத்தகம் வந்தது 1979-ல். கோசினி எழுதிய ஆஸ்டெரிக்ஸ்களில் அது கடைசி. எண் 24!

பிறகு உடெர்ஸோ தனியாகவே எழுதி, வரைந்து, ஒரு பதிப்பகமும் தொடங்கினார். பெயர்? ஆல்பர்-ரெனே! செத்த நண்பனின் பெயரைப் பலகையில் பாதியாக மாட்டிய மனிதர்!

6,000 பிரதியில் தொடங்கிய கதை இப்போது எங்கே நிற்கிறது? 2023-ல் வெளியான 40-வது ஆஸ்டெரிக்ஸ் உலகம் முழுக்க அச்சானது 50 லட்சம்!

பாரிஸில் அவர் பெயரில் ஒரு தெரு. போலந்தின் வார்சாவில், அப்பாவின் நாட்டில், அவர் பெயரில் ஒரு பிரெஞ்சுப் பள்ளி. 2020-ல் பாரிஸில் அவர் வாழ்ந்த பகுதியில் வெண்கலச் சிலை!

தமிழுக்கு வருவோம். லக்கி லூக்கும் மந்திரியும் நம் கைக்கு வந்தது சிவகாசி வழியாக. லயன், முத்து காமிக்ஸ் புண்ணியம். பாரிஸில் தட்டிய டைப்ரைட்டர் சத்தம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கிறது!

2022-ல் 'குட்டி நிக்கோலா' அனிமேஷன் படம் வந்தது. அனெஸி விழாவில் முதல் பரிசு. அதில் நிக்கோலாவோடு இன்னும் இரண்டு கார்ட்டூன் பாத்திரங்கள். ஒருவர் செம்பே. மற்றவர், ஓவியராக வேண்டுமென்று ஆசைப்பட்டுத் தோற்ற நம்ம ஆள். அவரையே வரைந்துவிட்டார்கள்!

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். 1965 நவம்பர் 26. அல்ஜீரியப் பாலைவனத்திலிருந்து பிரான்ஸ் தன் முதல் செயற்கைக்கோளைத் தன் சொந்த ராக்கெட்டில் ஏவியது. சோவியத், அமெரிக்கா, அடுத்து பிரான்ஸ். எடை 42 கிலோ. பெயர்? ஆஸ்டெரிக்ஸ்! மேலே போன கொஞ்ச நேரத்திலேயே அதன் ரேடியோ வாயடைத்துப்போனது. ஆனால் விழவில்லை. இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் பாதை பூமத்திய ரேகையின் இரு பக்கமும் 34 டிகிரி வரை வந்துபோகிறது. அந்தப் பட்டையில் தமிழ்நாடும் இருக்கிறது! மொட்டைமாடிக்குப் போய்த் தேடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாது. ஒரு சுற்றுக்கு அது எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டு மணிக்கும் குறைவு!